ரெண்டு பனை

குளச்சல் பக்கம் ஒரு கடையில் மீன்பிடிப் படகுகளின் ஜிபிஎஸ், கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர் பழுது பார்க்கச் சேர்ந்த புதிது. உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன கனெக்டரைப் பிரஷ் வைத்துத் தேய்ப்பதுதான் பாதி வேலை. ஒருநாள் திரை உறைந்துபோன ஜிபிஎஸ் பெட்டியோடு ஓர் அண்ணன் வந்தார். யோசிக்காமல் ரீசெட் போட்டேன். திரை வந்துவிட்டது, அவர் குறித்து வைத்திருந்த 300 புள்ளிகளும் போய்விட்டன.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு பார். கடலடிப் பாறைத்திட்டு, கலவாயும் விளமீனும் தூண்டிலில் ஏறும் இடம். அடி விழும் என்றே நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் குறிச்சுக்கிடுதேன் தம்பி" என்றார்.

அந்த அண்ணனின் அப்பா கட்டுமரக்காரர். பருத்தி வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்ததும், பிறகு நைலான் வந்ததும் அவர் காலத்தில்தான். பாரைக் கணியம் பார்த்துப் பிடிப்பார். ஒரு மலைமுனையும் கோயில் கோபுரமும் நேர்கோட்டில் வந்தால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரக் கல்லைப் போடுவார். கரை கண்ணில் படும்வரைதான் இது நடக்கும்.

1980களில் முட்டத்தில் செய்த பிளைவுட் வள்ளங்களும் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினும் வந்தபின் தொலைவு கூடியது. 2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய பெட்டி, அதன்பின் பாரின் தலைமேலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பாவும் மகனும் திரும்பக் குறித்தவை நாற்பது சொச்சம். மீதியெல்லாம் மலை மறைந்த ஆழத்தில் மகன் பெட்டியை நம்பிக் கண்டுபிடித்தவை. அவற்றுக்குக் கணியமே கிடையாது. எனக்கு உறைத்தது அதுதான். பெரியவர் தலையிலிருந்து யாரும் ஒன்றைத் திருட முடியாது, நான் அழிக்கவும் முடியாது. பெட்டியிலிருந்து இரண்டும் முடியும். பழுதுக்கு வந்த பெட்டியிலிருந்து அடுத்தவர் புள்ளிகளை எடுத்துத் தரச்சொல்லி என்னிடமே பணம் நீட்டியிருக்கிறார்கள். கொடுக்கவில்லை.

இப்போது எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் புள்ளிகளைக் காகிதத்தில் எழுதி, உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஸ்குரூவைத் தொடுகிறேன். அந்த அண்ணனின் தாளில் ஒரு பாருக்குப் பெயர் 'ரெண்டு பனை'. பனைகளை வெட்டி வருஷமாயிற்று. அங்கே நிற்கும் செல்போன் டவரை வைத்துப் பெரியவர் கணியம் பார்க்கிறாராம்.