பாசி மேயும் குள்ள ஏஞ்சல்

கோரல் பியூட்டி எனப்படும் குள்ள ஏஞ்சல் மீன் என் உப்புநீர்த் தொட்டிக்கு வந்து ஓராண்டு ஆகிறது. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 10 செ.மீ. நீளமே எட்டும் இம்மீன், பாறை இடுக்குகளில் புகுந்து புகுந்து நாள் முழுதும் பாசியைக் கொறிக்கும் இயல்புடையது என்பதால், பாசி படியாத புதுத் தொட்டியில் விட்டால் வேளை தவறாமல் உணவிட்டாலும் மெலிந்துவிடக்கூடும். ஆகவே முதல் ஆறு மாதம் வெறும் பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன் (வீட்டார் சிரித்தார்கள்).

பவளங்களைக் கொத்துமா என்பது மீனுக்கு மீன் வேறுபடும். என்னுடையது மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு, விலையுயர்ந்த மூளைப் பவளத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொத்துகிறது. துணைக்கு இன்னொன்று வாங்குவதானால் அளவில் சிறியதாகப் பார்க்க வேண்டும்: இவ்வினத்தில் முதலில் பெண்ணாக இருப்பவற்றுள் பெரியதும் வலியதுமான ஒன்று பின்னர் ஆணாக மாறுகிறது. ஏற்கெனவே ஆணான இரண்டை ஒன்றாக விட்டால் ஓயாத சண்டைதான்.