ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடு: கட்டப் பணம் வாங்கிய கதை

நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பாம்பன் பக்கம் விசைப்படகில் டிரைவர். எங்கள் கரையில் ஒருவன் சிகிச்சை முடிந்து மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கினால் போய்ச் சேருவது அதே ஜெட்டி, அதே கூட்டாளிகள். கடலுக்குப் போய் வந்தால் கையில் பங்குப் பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வந்துவிட்டால் இன்னும் மோசம். 61 நாள் படகு கரையில், ஆள் மரத்தடியில். முப்பது நாள் ஆஸ்பத்திரியில் விட்டதை மூன்றே நாளில் பிடித்துவிடுவான். நானே இரண்டு தடவை அப்படிப் பிடித்தவன்.

அதனால்தான், சிகிச்சை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகுமுன் ஆறு மாதம் தங்க ஒரு இடம் வேண்டும் என்று ஏழு பேர் சேர்ந்து டிரஸ்ட் பதிவு செய்தோம். பகலில் வேலைக்குப் போகலாம். சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுச் செலவுக்கு. குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு இடமில்லை. அவ்வளவுதான் சட்டம். மூன்று வருஷம் வாடகை வீட்டில் நடத்தினோம். அப்புறம்தான் சொந்தக் கட்டடம் என்ற ஆசை வந்தது.

முதலில் பார்த்தது மத்திய அரசுத் திட்டம். போதைத் தடுப்புக்காக 2018-இல் சமூகநீதி அமைச்சகம் கொண்டுவந்த தேசியச் செயல்திட்டம். தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் தர்பண் தளத்தில் டிரஸ்டுக்கு எண் வாங்கி, மானியத்துக்கு விண்ணப்பிக்கும் இ-அனுதான் தளத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பத்தை ஏற்றினோம். பிறகுதான் நெறிமுறைகளைக் கடைசிப் பக்கம்வரை படித்தோம். (முதலில் படித்திருக்க வேண்டும், தெரியும்.) மறுவாழ்வு மையத்துக்கு டாக்டர், கவுன்சிலர் மதிப்பூதியம், மருந்து, சாப்பாடு, வாடகை எல்லாம் உண்டு. கட்டடம் கட்டப் பணம் கிடையாது. சிகிச்சை முடிந்தவன் சும்மா தங்கி வாழ்கிற வீட்டுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்றும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

மிச்சம் இருந்தது கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். வாங்குகிற டிரஸ்டுக்கு சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டு ஒரு எண் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1-இலிருந்து இது கட்டாயம். ஆடிட்டர் ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தார். இழுத்தது நிலம்தான்.

அந்தப் பணத்தில் எழும்பும் கட்டடம் கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது, எங்களைப் போன்ற பதிவு பெற்ற டிரஸ்டின் பெயரில் இருக்கலாம் என்பது விதி. எங்களுக்கு ஒரு பெரியவர் கடலோரமாகப் பன்னிரண்டு சென்ட் தருவதாகச் சொல்லியிருந்தார். பட்டா சுத்தம். வேப்பமரம், காற்று, எல்லாம் அமைந்த இடம். சர்வேயர் வந்து அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அண்ணே, 140 மீட்டர்தான் வருது" என்றார்.

எங்கள் இடத்துக்குப் பொருந்துவது 2011-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை என்றார்கள். அதன்படி ஊராட்சிக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் தண்ணீர் ஏறி வரும் எல்லை) 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது. 100-க்கும் 200-க்கும் நடுவில் மீனவக் குடும்பம் வீடு கட்ட அனுமதி கேட்கலாம். நான் மீனவன்தான், கட்டப்போவதும் வீடுதான். ஆனால் டிரஸ்ட் கட்டினால் அது வீடு ஆகாதாம். மேலே எழுதிக் கேட்கலாம்தான். கம்பெனிக்கு மார்ச் 31 என்று ஒரு தேதி இருக்கிறதே, அது நிற்குமா? அந்த வருஷப் பணம் வேறு ஊருக்குப் போனது.

அடுத்த நிலம் உச்சிப்புளி பக்கம், உள்ளே தள்ளி. தான செட்டில்மென்ட் பத்திரம் டிரஸ்ட் பெயருக்கே எழுதினோம். இதற்கு எட்டு மாதம்.

அதற்குள் இன்னொரு கேள்வி. 2017 மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். அதனால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும் என்றார் பார்வைக்கு வந்த அதிகாரி. நாங்கள் மருந்தே கொடுப்பதில்லை என்றேன். "தங்க வைக்கிறீங்கல்ல?" என்றார். எங்கள் மாவட்டத்தில் 'இல்லம்' என்று சொன்னாலே எல்லோருக்கும் ஏர்வாடி நினைவுதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். வந்தவர் எங்கள் வரவுசெலவை இரண்டு நிமிஷம்தான் பார்த்தார். வாடகை வீட்டின் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கதவில் பழைய கொக்கி இருந்தது. அவர் எதிரிலேயே கழற்றினேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது கம்பெனிக் கூட்டத்தில். "வருஷத்துக்கு எத்தனை பயனாளிகள் சார்?" என்று கேட்டது கம்பெனி சார்பில் வந்திருந்த ஒரு பெண். இருபது பேர் என்றேன். அதே பணத்தில் கண் முகாம் போட்டால் இரண்டாயிரம் பேர் வருவார்களாம். கணக்கு சரிதான், என்ன சொல்வது? கடைசியில் ஆடிட்டர் சொன்னபடி மனைவி, பிள்ளைகளையும் சேர்த்து எழுதினோம். பொய் இல்லை. ஒருவன் குடியை விட்டால் சோறு திங்கிறது அவர்கள்தானே.

பணம் மூன்று தவணை: பேஸ்மட்டம், லிண்டல், கூரை. ஒவ்வொன்றுக்கும் போட்டோ, பில், ஆடிட்டர் கையெழுத்து. கம்பெனியில் ஆள் மாறியதில் இரண்டாவது தவணை நான்கு மாதம் தள்ளிப்போனது. இடையில் ஐப்பசி மழை. உப்புக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்ற தூண் கம்பிகள் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. தங்கியிருந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தார்கள். அடுத்த வருஷம் இப்படிப் பணம் கேட்கப் போகிறவர்கள் கம்பிக்குச் சிமென்ட் பால் அடித்து, சாக்கு சுற்றி வையுங்கள்.

கடைசிச் சண்டை போர்டுக்கு. 'மது அடிமைகள் மறுவாழ்வு இல்லம்' என்று கம்பெனி பெயரோடு ரோட்டைப் பார்த்து வைக்கச் சொன்னார்கள். பையன்கள் ஒரே வார்த்தையில் மாட்டோம் என்றார்கள். அதில் ஒருவனுக்கு அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கடிதம் போய் வந்தபின் கம்பெனிக்காரர்கள் போர்டு வேண்டாம், சரி என்றார்கள். வாசலில் கதவு எண் மட்டும்தான். கம்பெனி பெயர் போட்ட கல்வெட்டு சமையலறைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது, சோற்றுக்குத் தட்டோடு நிற்கும்போது படிக்கலாம்.