பலெர்மோ வீட்டில் சீஸ் பீட்சா

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு 1980களிலிருந்தே ஈழத் தமிழர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். எங்களில் பலருக்கு முதலில் கிடைத்தது வீட்டு வேலையும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையும்தான் என்பதால், இத்தாலியச் சமையலை உணவகத்தில் உட்கார்ந்து உண்டு அறிவதற்கு முன்பே பிறர் வீட்டு அடுப்படியில் நின்று சமைத்து அறிந்தோம். நான் பீட்சா செய்யக் கற்றதும் அப்படித்தான். நான் பராமரித்த சிஞோராவுக்கு, அதாவது அந்த வீட்டு அம்மையாருக்கு, விரல் மூட்டுகள் வீங்கி மா குழைக்க முடியாமற் போயிருந்தது. ஆனாலும் மேசையருகே அமர்ந்து, மாவைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிச் சொல்லி என் கையைப் பழக்கினார். மொழி சரியாகப் பிடிபடாத அந்நாட்களில் அவர் சொன்னதில் பாதியை மாவே எனக்கு விளக்கியது.

கடைப் பீட்சாவை வீட்டில் எதிர்பார்க்கக் கூடாது என்பதையே அவர் முதலில் தெளிவுபடுத்தினார். நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரின் விறகடுப்பில் தளத்தின் வெப்பம் 485 பாகை செல்சியஸ் வரை ஏறும். பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அந்தச் செய்முறையை 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் மரபுவழி உணவாகப் பதிவுசெய்தது. அதைச் சுடுவோரின் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் வீட்டு ஓவனோ 250 பாகையைத் தாண்டாது. அதே மெல்லிய வட்டத்தை அதில் சுட்டால், விளிம்பு சிவப்பதற்குள் நடுப்பகுதி காய்ந்து இறுகிவிடும். ஆகவே தட்டத்தில் பரப்பிச் சுடும் தடித்த பீட்சாவே வீட்டுக்குப் பொருத்தம். பலெர்மோவின் ஸ்பிஞ்சோனேயும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தக்காளி, வெங்காயம், உப்பிட்ட நெத்தலி, கச்சோகவல்லோ சீஸ், பாண் தூள் ஆகியவற்றை மேலே இட்டு, டிசம்பர் 8ஆம் திகதி வரும் அமலோற்பவ மாதா திருநாளையொட்டி இங்கு வீடுதோறும் சுடுவார்கள்.

அரைக் கிலோ மாவில் பாதியைச் சாதாரண மெல்லிய கோதுமை மாவாகவும், மறுபாதியைச் சிசிலியில் விளையும் கடினக் கோதுமையை இருமுறை அரைத்த மஞ்சள் மாவாகவும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு 330 கிராம் தண்ணீர், 12 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய். ஈஸ்ட் இங்கே 25 கிராம் கட்டியாக விற்கிறது. அரைக் கிலோ மாவுக்கு ஒரு முழுக் கட்டி என்று பொதியில் போட்டிருந்தாலும், 3 கிராமே போதும் என்பது சிஞோராவின் உறுதியான கருத்து. முந்திய நாளே குழைத்து இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், அப்பத்துக்கு மா புளிப்பதைப் போல மெதுவாகப் பொங்கி, ஈஸ்ட் வாடை இல்லாத நல்ல மணத்தைப் பெறும். மறுநாள் எண்ணெய் தடவிய தட்டத்தில் விரல் நுனியால் அழுத்திப் பரப்பி, மீண்டும் இரண்டு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும்.

சீஸில்தான் மிகுந்த கவனம் தேவை. உப்புநீரில் மிதக்கும் மொத்சரெல்லா ஈரம் மிகுந்தது. விறகடுப்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு வெளியே வரும் பீட்சாவில் அந்த ஈரம் பெரிதாகத் தெரியாது. வீட்டு ஓவனிலோ அது கால் மணி நேரம் கிடப்பதால் நீரெல்லாம் கசிந்து தக்காளியோடு கலந்து மாவை ஊற வைத்துவிடும். எருமைப் பாலில் செய்தது இன்னும் ஈரமானது. அதைச் சுடாமல் உண்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன். பசுப்பால் மொத்சரெல்லாவை நீளநீளமாக நறுக்கி, வடிதட்டில் இட்டு, சில மணி நேரம் குளிரில் வடியவிட வேண்டும். முதலில் தக்காளியை மட்டும் பூசி, தட்டத்தை ஓவனின் அடித்தளத்தில் வைத்துப் பத்து நிமிடம் சுட்டு, பிறகே சீஸைப் பரப்பி மேல்தட்டுக்கு மாற்றினால், அது கருகாமல் வெண்மையாக உருகி இழுபடும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட்தான். ஓவன் சூடேறும்போது சலவை இயந்திரத்தையும் கேத்தலையும் போட்டால் வீடே இருண்டுவிடும்.

எங்கள் மாமி வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்பவர். இறைச்சி இல்லாத சீஸ் பீட்சா அவருக்கு ஏற்றது என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் பார்மிஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள். பெக்கொரீனோ ரொமானோ சீஸில் அது செம்மறியாட்டுக் குட்டியினுடையது. இவை அந்தச் சீஸ்களுக்கு விதிக்கப்பட்ட செய்முறையிலேயே அடங்கியவை. ஆகவே பொதியில் ‘காலியோ மிக்ரோபிகோ’, அதாவது நுண்ணுயிரிலிருந்து பெற்ற உறைபொருள், என்று எழுதியிருக்கும் மொத்சரெல்லாவை மட்டுமே அன்று வாங்குகிறோம். வெறுமனே ‘காலியோ’ என்றிருந்தால் கடைக்காரரிடம் கேட்பேன். இங்குள்ளவர்கள் உணவைப் பற்றிய கேள்விக்குச் சலிக்காமல் விடை சொல்வார்கள். மாமியின் பங்கின் மேல் மட்டும் நறுக்கிய பச்சை மிளகாயைத் தூவிச் சுடுகிறேன். உருகிய சீஸின் கொழுப்போடு அந்தக் காரம் மிக நன்றாகச் சேர்கிறது. இப்போது பிள்ளைகளும் தங்கள் பங்குக்கு அதையே கேட்கிறார்கள்.