கவுன்ட்டர் காலி, ரோடு நெரிசல்

முன்னெல்லாம் கரண்ட் பில் கட்ட அப்பா கூட வரிசையில் நிற்பேன், திரும்பும்போது பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் நிச்சயம். இப்போது பில் போனிலேயே முடிகிறது, பட்டா சிட்டாவும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ஆள் நடமாட்டம் குறைந்தால் ரோடு காலியாக வேண்டுமே? கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் சாயங்காலம் போய்ப் பாருங்க, ஓட்டல் வாசலெல்லாம் டெலிவரி வண்டிதான். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் கடைகளுக்கான பார்க்கிங்கைக் கட்டடப் பரப்பை வைத்துக் கணக்குப் போடுகின்றன; பார்சல் வாங்க ஐந்து நிமிடம் நிற்கிற பையன் எந்தக் கணக்கிலும் இல்லை. கோவைக்கு 1994-இல் மாஸ்டர் பிளான் வந்தபோது இங்கே யார் கையிலும் ஸ்மார்ட்போன் கிடையாது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இனியாவது கடைவீதிகளில் வண்டி நிறுத்தி எடுக்கத் தனி இடமும், அந்தப் பையன்கள் உட்கார நிழலும், ஒரு கழிப்பறையும் ஒதுக்கலாம்.

காலியாகிற கவுன்ட்டர் இடங்களை அப்படியே பூட்டிப் போடாமல் இ-சேவை மையமாக்கினால் இன்னும் நல்லது. போன வாரம் ஓடிபி வராமல் ஓர் அலுவலகத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிப் போனேன், எல்லாம் ஆன்லைன்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து அப்பத்தா கேட்டது: "ஏங் கண்ணு, அந்த சன்னல்ல உக்காந்திருந்த ஆளு எங்க போச்சு?"