கொடியேற்றம் முதல்

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோவிலில் கொடி ஏறியிருக்கும். இங்கே ஆஸ்பத்திரியில் ஏசி சத்தம்தான். வெள்ளி என்பதால் செபமாலையில் துயர மறையுண்மைகள், இயேசுவின் பாடுகளைத் தியானிப்பவை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மூன்று தடவை செபித்தார், மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்கிறார் மத்தேயு (26:44). புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் இது பெரிய தைரியம்.

ஜூலை 27, சனி

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

53 மணிச் செபமாலை சொல்லி முடிக்க இருபது நிமிடம் போதும். ஆஸ்பத்திரியில் அந்த இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. நர்ஸ் கூப்பிடுவார், மருந்துச் சீட்டு வரும், எந்த மணியில் நின்றோம் என்பது மறந்துபோகும். மறுபடி முதலில் வரும் விசுவாசப் பிரமாணத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் சீக்கிரமே மாலையைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து பகுதியையும் நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். விடிந்ததும் ஒன்று, ஸ்கேன் அறைக்கு வெளியே ஒன்று, சாப்பாட்டு வரிசையில் ஒன்று. மாலை இல்லையென்றால் பத்து விரல் இருக்கிறது. ட்ரிப் ஏறுகிற கைக்கு நீள மாலை ஆகாது, டியூபில் மாட்டும். பத்து முத்து மோதிரம் நல்லது.

ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் கருத்து சொல்லும்போது "உலகில் நோயுற்ற எல்லாருக்காகவும்" என்று ஆரம்பிக்கவேண்டாம். அது வேறு நாளைக்கு. ஒரு பத்துக்கு ஒரு பயம், அதுவும் பெயரோடு: சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின், பயாப்சி, அடுத்த மாத வாடகை. பெயர் சொல்லாத பயம் பத்து முத்திலும் கூடவே ஊர்ந்து வரும். அருள்நிறை மரியே செபத்தில் "இயேசு" என்ற பெயர் வரும் இடத்தில் ஒரு மூச்சு நிற்கவேண்டும். அவசரக்காரர்கள் தாண்டி ஓடுவது அந்த இடத்தைத்தான். நடுச்சாமத்தில் சொல்லச் சொல்லக் கண் சொருகினால் தூங்கிவிடலாம். மிச்சத்தைக் காவல் தூதர் முடித்துவைப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜூலை 29, திங்கள்

இரவில் நேர்ச்சை நேரக்கூடாது. வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன், மொட்டை போடுகிறேன், இவ்வளவு பவுன் தருகிறேன் என்று பயத்தில் வாய் பேரம் பேசும். பிறகு கால் வலி, கடன், குற்ற உணர்வு. யோசித்து, சுதந்திரமாகச் செய்கிற வாக்குறுதியைத்தான் திருச்சபைச் சட்டம் (எண் 1191) நேர்ச்சை என்கிறது. நேர்ந்தது நிறைவேற்ற முடியாததாக இருந்தால் நியாயமான காரணம் சொல்லிப் பங்குச்சாமியாரிடம் விலக்குக் கேட்கலாம்; அவருக்கு அந்த அதிகாரம் உண்டு (எண் 1196). இது தெரியாமல் எத்தனை பேர் வருஷக்கணக்காக மாதாவுக்குப் பயந்து கிடக்கிறார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

போன் அடித்தது. கேபிள் பாக்கியாம்.

ஜூலை 31, புதன்

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் திருநாள். 1521-இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அதனாலோ என்னவோ அவர் சொல்வதெல்லாம் படுக்கைக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடியவை. மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. ஒரு மணி நேரம் செபிக்க உட்கார்ந்து பாதியில் எழத் தோன்றினால், அந்த ஒரு மணிக்கு மேலேயும் கொஞ்சம் இரு. படுக்குமுன் ஆன்ம சோதனை: நன்றி, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, அடுத்த நாளுக்கான தீர்மானம். பலரும் முதல் படியைத் தாவிக் குற்றங்களுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் தூக்கம் கெடும், வேறு பலன் இல்லை. நன்றி சின்னதாக இருக்கட்டும். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. போதும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிட வீட்டார் தயங்குவதற்கு ஒரே காரணம், "முடிந்துவிட்டது போல" என்று நோயாளி நினைத்துவிடுவார் என்ற பயம். சாகும் தறுவாய் வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் வாங்கலாம், நோய் கூடினால் திரும்பவும் வாங்கலாம். நினைவு இருக்கும்போதே கூப்பிட்டால் அவரே "ஆமென்" சொல்வார். புனித வாரத்தில் ஆயர் மந்திரித்த எண்ணெயை நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்கள். கையெல்லாம் ஊசியும் பிளாஸ்திரியுமாக இருந்தால், அவசரத்துக்கு நெற்றி மட்டும் போதும். ஐசியூ என்றால் பார்வையாளர் நேரத்தை முதலிலேயே கேட்டு வைக்கவேண்டும். நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல விரும்பினால் எல்லாரும் வெளியே.

ஆகஸ்ட் 2, வெள்ளி

திருப்பாடல் 88. வெள்ளி இரவுச் செபத்தில் வருவது. நன்றியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை, கடைசி வரியும் இருட்டு. இதையும் செபம் என்று திருச்சபை வாராவாரம் சொல்ல வைக்கிறது. இன்று இது மட்டும்.

ஆகஸ்ட் 3, சனி

2022 மே 15 அன்று நம் தேவசகாயம் பிள்ளையோடு சேர்ந்து புனிதரானவர் பிரெஞ்சுத் துறவி சார்லஸ் தெ ஃபூக்கோ. அவருடைய கையளிப்புச் செபத்தைப் பலரும் நோயாளி கையில் திணிக்கிறார்கள். எதையும் ஏற்கிறேன் என்று சொல்கிற செபம் அது. சிலுவையில் இயேசு தந்தையிடம் சொன்னதைத் தியானித்து எழுதியது. வேறு யாருக்கும் ஒரே மூச்சில் வாயில் வராது. உண்மையாகச் சொல்ல முடிகிற வரிவரை சொல்லி நிறுத்தலாம். நாளை இன்னொரு வரி. ஒப்படைத்தது திரும்ப மடிக்கு வந்துவிட்டால், வந்துவிட்டது. மறுபடி ஒப்படைக்கவேண்டியதுதான், மாலையின் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தடவை என்றாலும்.

ரிப்போர்ட் திங்கள் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டாக்டரிடம் கேட்கவேண்டியதை எழுதிக்கொண்டு போகவேண்டும். ஆண்டவர் கையில் விட்டாயிற்று என்று கேட்காமல் வருகிறவர்கள்தான் இரவு முழுக்க இணையத்தில் தேடுவது. எந்த நிலை, அடுத்த சிகிச்சை எது, தள்ளிப்போட்டால் என்ன, செலவு எவ்வளவு. பழைய ஸ்கேன் படம், பணம் கட்டிய ரசீது, காப்பீட்டு அட்டை, இரண்டு நகல், எல்லாம் பையில் இருக்கட்டும்.