ஆறு மாவட்டம், ஒரே நாள், கடைசி ஐந்து மைல்

நாற்பது டாலர். ஐந்து மைல் தூரத்துக்கு. ரூபாயில் கணக்குப் போடக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிய நாளே சத்தியம் செய்திருந்தேன். நேற்று ராத்திரி சத்தியத்தை மீறிவிட்டேன். மூவாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடிகாலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். நானும் அக்காவும் மதுரையிலிருந்து அக்கா மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். வீடு சான் ஹோசேயில், டிரிடான் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். பிள்ளைக்கு வேலை. எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. மூன்று வாரம் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்தாயிற்று. "தம்பி, இந்தப் பூனைக்கு நான் பேரே வச்சிட்டேன். எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா. "மாமா, கேப் போட்டுக்கோங்க, என் கார்டுல போகட்டும்" என்றாள் மருமகள். வேண்டாம் என்றேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி ஒன்பது மாவட்டங்கள் இருக்கின்றன (இங்கே கவுண்டி என்கிறார்கள்). அதில் எத்தனையைக் காரில் ஏறாமல் ஒரே நாளில் தொட முடியும் என்று பார்க்க எனக்கு ஆசை. இந்த ஒன்பது மாவட்டத்திலும் பஸ், ரயில், டிராம், படகு என்று 27 போக்குவரத்து அமைப்புகள். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குமாகக் கிளிப்பர் என்று ஒரு கார்டு இருப்பதுதான் ஒரே ஆறுதல்.

65 வயது தாண்டியவர்களுக்குத் தனி கிளிப்பர் கார்டு உண்டு. வயதுச் சான்று காட்டினால் போதும். அக்காவுக்கு 67. எல்லா இடத்திலும் பாதி அல்லது அதற்கும் கீழே. எனக்கு 61, முழுக் கட்டணம். நாள் முழுக்க இதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலை டிரிடானில் கால்ட்ரெய்ன். 2024 செப்டம்பரிலிருந்து சான் ஹோசே - சான் பிரான்சிஸ்கோ தடம் முழுக்க மின்சார ரயில். இரண்டு அடுக்குப் பெட்டி, சத்தமே இல்லை. பாதை என்னவோ 1864 இல் சான் ஹோசேக்கு வந்தது, நம் ஊர் ரயில் பாதைகளின் வயசுதான். சனி, ஞாயிறுகளில்கூட அரை மணிக்கு ஒரு வண்டி. சன்னிவேல் வந்ததும் அக்கா எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த எந்தெந்தக் குடும்பம் அங்கே இருக்கிறது, யார் யாருக்குக் கல்யாணமாகி யார் யாரோடு பேச்சு இல்லை என்று விளக்கினாள். அதற்குள் மூன்று ஸ்டேஷன் போய்விட்டது.

இந்த ரயில் மூன்று மாவட்டங்களின் சொத்து. 2020 இல் மூன்றிலும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு வைத்து, இதற்கென்றே ஒரு சின்ன விற்பனை வரியை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மில்பிரே நிலையத்தில் பக்கத்து நடைமேடையில் பார்ட் என்கிற இன்னொரு அமைப்பின் ரயில் நின்றுகொண்டிருந்தது. அதன் தண்டவாளத்தைப் பார்த்து எனக்குப் பழைய பழக்கத்தில் கண் விரிந்தது. நம்ம ஊர் பிராட்கேஜ்! 1,676 மில்லிமீட்டர், மதுரை ஜங்ஷனில் கிடப்பதும் அதே அகலம்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த கால்ட்ரெய்னோ 1,435. ஒரே நிலையம், இரண்டு அகலம். ஒன்றின் வண்டி மற்றொன்றின் தடத்தில் ஜென்மத்துக்கும் ஓடாது.

அப்புறம் சான் பிரான்சிஸ்கோ. டிராம் பிடித்து ஃபெர்ரி பில்டிங். இதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

படகு! முப்பத்தைந்து நிமிடம்தான், ஆனால் இரண்டு தடவை போகலாம் போலிருந்தது. மேல்தளத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. அக்கா சேலைத் தலைப்பைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியைத் திறந்து புளியோதரையை எடுத்தாள். எதிரே அல்காட்ராஸ் சிறைத்தீவு, இடது பக்கம் கோல்டன் கேட் பாலம், கையில் புளியோதரை, அதில் வறுத்த நிலக்கடலை. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் வாசனைக்கே திரும்பிப் பார்த்தார். ஒரு மூடியில் கொஞ்சம் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு மூடியைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். நல்ல வளர்ப்பு. படகு போய்ச் சேரும் லார்க்ஸ்பரில் (இது மாரின் மாவட்டம்) துறைக்குப் பக்கத்திலேயே சான் க்வென்டின் சிறைச்சாலை. ஜெயிலில் புறப்பட்டு ஜெயிலில் முடிகிற மாதிரி ஒரு வழி. டிக்கெட்டைக் கிளிப்பரில் எடுங்கள், மிஷினில் எடுத்தால் நன்றாகவே கூடுதலாகப் போகும்.

அழகெல்லாம் சரி, இந்தப் படகில் நாம் ஏன் போகிறோம் என்பதுதான் விஷயம். 1957 இல் பார்ட் அமைப்பைத் தொடங்கியபோது அதில் ஐந்து மாவட்டங்கள். பாலத்தைத் தாண்டி வடக்கே மாரின் மாவட்டத்துக்கும் அந்த ரயில் போவதாக இருந்தது. 1961 இல் சான் மட்டேயோ மாவட்டம், செலவு அதிகம், எங்களுக்கு ஏற்கெனவே ரயில் இருக்கிறது என்று விலகிக்கொண்டது. ஒரு மாவட்டத்து வரிப்பணம் போனதும் கணக்கு உதைத்தது. போதாக்குறைக்கு, பாலம் ரயிலைத் தாங்குமா தாங்காதா என்று பொறியாளர்களுக்குள் சண்டை. 1962 இல் மாரினும் வெளியேற வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த மூன்று மாவட்டங்கள் கட்டியதுதான் 1972 இல் ஓடத் தொடங்கிய பார்ட். சான்டா கிளாரா, அதாவது எங்கள் சான் ஹோசே இருக்கும் மாவட்டம், அந்த ஆட்டத்துக்கு முதலிலிருந்தே வரவில்லை.

மதுரையில் பஸ் ஏறி திண்டுக்கல், கரூர் தாண்டி நாமக்கல் போகிறோம். எந்த மாவட்ட எல்லையிலாவது கண்டக்டர், "இதோட நம்ம மாவட்டம் முடிஞ்சுது, இறங்கிக்கோங்க" என்கிறாரா? இங்கே அறுபது வருஷத்துக்கு முன் ஒரு மேஜையில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனதற்கு இன்றைக்கும் நாம் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. எனக்கு இது படு முட்டாள்தனமாகத் தெரிகிறது. படகு அழகாக இருப்பதால் கோபம் வர மறுக்கிறது, அவ்வளவுதான்.

லார்க்ஸ்பர் துறையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஸ்மார்ட் ரயில். மாரினும் சோனோமாவும் சேர்ந்து ஓட்டும் டீசல் ரயில். இதற்கு வரி கேட்டு 2006 இல் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சொற்ப இடைவெளியில் தோற்றது. 2008 இல் மறுபடி கேட்டு ஜெயித்தார்கள். 2017 இல் வண்டி ஓடியது. படகுத்துறைப் பக்கம் வந்து சேர 2019 டிசம்பர் ஆயிற்று. அதுவரை சான் ரஃபேலோடு நின்றுவிடும். 2025 இல் வடக்கே விண்ட்சர் வரை நீட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஆனால் நீள்கிறது.

நாங்கள் போனபோது இதில் 65 தாண்டியவர்களுக்கு ஓசி. முழு ஓசி. அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நீ கார்டைத் தட்டுடா தம்பி, நான் சும்மா ஏறிக்கறேன்" என்று நம்ம ஊர் மகளிர் இலவசப் பேருந்தில் ஏறுகிற தோரணையிலேயே ஏறினாள். நான் ஏறும்போது தட்டினேன், இறங்கும்போது தட்ட மறந்தேன். மறந்தால் கடைசிவரை போனதாகக் கணக்கு. மருமகள் போனில் காட்டித்தான் தெரிந்தது. நீங்கள் மறக்காதீர்கள். கால்ட்ரெய்னிலும் இதே விதிதான்.

சோனோமா மாவட்டத்துப் பெட்டலூமாவில் இறங்கினோம். நாமக்கல் என்று சும்மா சொல்லவில்லை, பெட்டலூமா ஒரு காலத்தில் அமெரிக்காவின் நாமக்கல். கோழி முட்டையை அடைகாக்கும் இயந்திரம் ஒன்றை 1879 இல் இங்கே உருவாக்கினார்கள். உலகத்தின் முட்டைக்கூடை என்று பெயர் வாங்கிய ஊர். சைவமான அக்காவை முட்டை ஊரில் கொண்டுவந்து இறக்கியதற்கு எனக்கு அர்ச்சனை நடந்தது.

ஆனால் சாப்பாடு அங்கேதான் கிடைத்தது. பிரதான வீதியிலிருந்து இரண்டு சந்து தள்ளி, பெயர்ப்பலகை பாதி உரிந்த சின்ன மெக்ஸிகோ கடை. மூன்று மேஜை. அதில் தமாலே. மக்காச்சோள மாவைப் பிசைந்து, உள்ளே பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்து, சோளத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைத்தது. வழக்கமாக இந்த மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்பதால் இரண்டு தடவை கேட்டேன். சைவத்துக்குத் தனி மாவு, எண்ணெய் மட்டும்தான் என்றார் கடைக்கார அம்மா. அக்கா தோகையைப் பிரித்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். "கொழுக்கட்டைடா இது. காரக் கொழுக்கட்டை. இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" அதன்மேல் ஊற்றிக்கொள்ளும் பச்சைச் சட்னி ஒன்று, புளிப்பும் உறைப்புமாய், நாக்கைச் சுண்டி இழுத்தது. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு, பேத்திக்கு என்று நான்கு கட்டி வாங்கி, அதிலும் ஒன்றைத் திரும்பும் ரயிலில் நாங்களே சாப்பிட்டோம். இந்தப் பயணத்தில் நான் வருத்தப்படாமல் கொடுத்த டாலர் அது ஒன்றுதான். சனிக்கிழமை ரயில்கள் குறைவு, கடையில் உட்கார்ந்து ஒரு வண்டியை விட்டோம். அதற்கும் வருத்தமில்லை.

திரும்பும் வழியில் மறுபடி படகு, பிறகு எம்பார்கடேரோவில் பார்ட். கடலுக்கு அடியில் குழாய் வழியாக 3.6 மைல். காது அடைக்கிறது, ஒரு ஊளைச் சத்தம், வெளியே வந்தால் ஓக்லாண்ட். அலமேடா மாவட்டம். விரலை விட்டு எண்ணினேன், ஆறாவது. அதற்குப் பிறகு தெற்கே பெரியெஸ்ஸா வரை. இந்தப் பெயரை அக்கா காலையிலேயே "பெரியசாமி ஸ்டேஷன்" ஆக்கிவிட்டாள், நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

பெரியசாமி வரை ரயில் வந்த கதையும் பெரிய கதைதான். சான்டா கிளாரா மாவட்டத்துக்காரர்கள் 2000 இல் அரை சென்ட் விற்பனை வரிக்குச் சம்மதித்தார்கள். ரயில் வந்தது 2020 ஜூனில், ஊரே முடங்கிக் கிடந்த கொரோனா நேரத்தில். அங்கிருந்து சான் ஹோசே நகர மையம், டிரிடான், சான்டா கிளாரா என்று இன்னும் ஆறு மைல், பெரும்பகுதி சுரங்கம். செலவு 1,200 கோடி டாலருக்கு மேல். திறப்பு 2030களின் பிற்பாதியில்.

ஆக, காலையில் டிரிடானில் கிளம்பி வளைகுடாவையே சுற்றிவிட்டு வந்த எங்களுக்கு, மிச்சம் இருந்தது அந்தப் பெரியசாமி - டிரிடான் துண்டு மட்டும். பஸ் இருக்கிறது. ஆனால் அக்கா கழிப்பறை போய்வந்ததில் அதன் பின்விளக்கைத்தான் பார்த்தோம். குளிர் வேறு. அப்போதுதான் அந்த ஆள் வந்தார். காரில் எந்தப் பலகையும் இல்லை. நாற்பது என்றார். அக்கா தமிழிலேயே, "பதினஞ்சுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்றாள். அவருக்கு எப்படியோ புரிந்தது, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நாற்பதுதான். நாள் முழுக்க இரண்டு பேருக்கும் சேர்த்து ரயில், படகு, டிராம் எல்லாம் எழுபது டாலருக்குள் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். புத்தி அப்போது வேலை செய்யவில்லை.

காரில் போகும்போது அக்காவிடம் அந்தச் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். இது முடிந்தால் பெரியசாமியிலிருந்து நேரே வீட்டு வாசல். ஐந்து மாவட்டங்களில் விற்பனை வரி கேட்டு 2026 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்த வழிசெய்யும் சட்டமும் 2025 இல் வந்துவிட்டது, இருக்கிற ரயிலையும் பஸ்ஸையும் நிறுத்தாமல் ஓட்டத்தான் அந்தப் பணம். ஆனால் நாம் தமாலே சாப்பிட்ட சோனோமாவும் படகில் இறங்கிய மாரினும் அதில் இல்லை என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "சுரங்கம் எப்ப திறப்பாங்க?"

"இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும்."

"அதுலயும் எனக்கு ஓசியா?"

"இல்லக்கா. பாதிக்கும் கீழ."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். "அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தமாலே பொட்டலத்தை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.