ஆரல்வாய்மொழியிலிருந்து வடக்கன்குளம் வரை

ஏழு ஆண்டுகளுக்கு முன் பணி மாற்றத்தால் புதிய நகரமொன்றில் குடியேறிய முதல் ஞாயிறன்று, திருப்பலி முடிந்து கோயில் வாசலில் தயங்கி நின்ற என்னிடம் ஒரு பெரியவர் வந்து விசாரித்தார். பெயர் கேட்டார், சொந்த ஊர் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னதும் அவருடைய பேச்சு சட்டென்று சுருங்கிவிட்டது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் நான் இருந்த மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட என்னைத் தம் அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்துக்கு, அழைக்கவில்லை. அந்த வருத்தம் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்ததால்தான், எல்லா மனிதரும் சமம் என்று வலியுறுத்திய புனித தேவசகாயம் உயிர்விட்ட இடத்தையும் திருமுழுக்குப் பெற்ற ஊரையும் ஒரே நாளில் பார்த்துவர வேண்டும் என்று சென்ற மாதம் நாகர்கோவிலில் விடிகாலைப் பேருந்து ஏறினேன்.

ஆரல்வாய்மொழியை நெருங்கும்போதே காற்று முகத்தில் அறைகிறது. இருபுறமும் மலைகள் ஒதுங்கி வழிவிடும் அந்தக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்க, ஊரை ஒட்டிய காற்றாடிமலையில் காலை வெயிலில் சிலர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். அங்கேயுள்ள மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணியின் நாதம் எழுகிறது. எனக்கு முன் நின்ற ஒரு தாய் தன் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்துவிட்டு, அந்த ஓசை அடங்கும்வரை கண்களை மூடி நின்றார்.

தேவசகாயத்தின் வரலாற்றில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைப்பது அதன் தொடக்கம். நட்டாலத்தில் 1712இல் பிறந்து நீலகண்டன் என்ற பெயரோடு திருவிதாங்கூர் அரசுப் பணியில் உயர்ந்த நிலையில் இருந்த அவருக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவர், 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய். வாழ்வில் அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் நொந்திருந்தவருக்கு, ஊரும் மொழியும் வேறான ஒரு போர்க்கைதி, எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கை தளராத விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொல்லி ஆறுதல் தந்திருக்கிறார். ஆக, இந்த விசுவாசம் அவருடைய வீட்டு வாசலுக்கு ஓர் அன்னியர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பிறகு எல்லா மனிதரும் சமம் என்று அவர் வலியுறுத்திச் சொல்லத் தொடங்கியதும், யாரோடு அமர வேண்டும், யாரோடு உண்ண வேண்டும் என்ற கட்டுகளை விட்டு விலகியதும் மேல்நிலையில் இருந்தோரின் பகையைத் தேடித் தந்தன. 1749இல் சிறைப்பட்ட அவரை எருக்கம்பூ மாலையிட்டு எருமையின்மேல் பின்புறம் பார்க்க அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு முன்பே வத்திக்கான் தன் அறிவிப்புகளில் அவர் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டது. சாதிப் பெயரைத் தாங்கி ஒருவர் பீடத்தில் நிற்கக் கூடாது என்று குரல் எழுப்பியவர்களின் பேச்சை உரோமை கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

அங்கிருந்து பேருந்தில் காவல்கிணறு, காவல்கிணற்றிலிருந்து ஆட்டோவில் வடக்கன்குளம். கணவாயைக் கடந்தவுடன் பழைய திருவிதாங்கூர் எல்லை முடிந்துவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த ஊரின் அருமை விளங்கும். அரசரின் கை எட்டாத இடம் என்பதால், இங்கே இருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் வந்து 1745 மே 14 அன்று நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவருடைய மனைவியும் இதே ஊரில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். எங்கிருந்தோ வந்தவர்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஊர் என்ற மதிப்போடுதான் நான் திருக்குடும்பக் கோயிலுக்குள் நுழைந்தேன்.

ஆனால் அந்தக் கட்டடத்தின் வடிவமே வேறொரு கதையைச் சொல்கிறது. நீண்ட இரண்டு மண்டபங்கள் தனித்தனியாகக் கிளம்பி, பீடத்தருகே வந்துதான் ஒன்றையொன்று தொடுகின்றன. கால்சட்டையின் இரு கால்களைப் போன்ற இந்த அமைப்பு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேளாளர் ஒரு பக்கமும் நாடார் முதலிய பிறர் மறுபக்கமும் அமர்ந்து, ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே திருப்பலியில் பங்குகொள்வதற்காகச் செய்யப்பட்டது. நடுவில் தடுப்புச் சுவரும் இருந்தது. தேவசகாயத்தை வரவேற்ற அதே ஊரில், நூறு ஆண்டுகளுக்குச் சற்றுப் பின்னர், அவர் எதைத் துறந்து வந்தாரோ அதையே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியிருக்கிறார்கள். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று, கோயிலுக்குள் பிரிந்து அமரும் உரிமை யாருக்கும் இல்லை என்று தள்ளுபடியானது.

இரு மண்டபங்களும் கூடும் இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இனத்தாரைப் பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார், இனி நீங்கள் அன்னியர் அல்லர் என்று பவுல் எபேசியருக்கு எழுதிய பகுதி இந்தச் சுவர் நின்ற நாட்களிலும் இதே பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டிருக்கும். கேட்டுவிட்டு இரண்டு வாசல்களின் வழியே வீடு திரும்பியவர்களை எண்ணிப் பார்த்தேன். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. எந்தத் தெரு என்று கேட்பதற்குச் செங்கல் தேவையில்லை என்பதை அறிந்தவன் நான். வரவேற்புக் குழு அமைப்பதும், புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவதும் நல்லவையே. ஆனால் திருப்பலிக்குப் பிறகு புதிதாக வந்தவர் யார் வீட்டில் காப்பி குடிக்கிறார், அவர் வீட்டில் யார் குடிக்கிறார் என்பதில்தான் பங்கின் உண்மை நிலை தெரிகிறது. அருள்பணி என்று நாம் சொல்லும் எதுவும் அந்தக் காப்பித் தம்ளரைத் தாண்டிப் போய்விட முடியாது என்றே நினைக்கிறேன்.

மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கணவர் கொல்லப்பட்ட பிறகும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து 1766இல் இறந்த ஞானப்பூ அம்மாள் அடக்கமாகியிருப்பது இங்கேதான். பதினான்கு ஆண்டுகள் ஒரு கைம்பெண்ணுக்கு இந்த ஊர் இடம் கொடுத்திருக்கிறது. யார் அவருக்குச் சோறு கொடுத்தார்கள், யார் வீட்டுத் திண்ணையில் அவர் மாலைப் பொழுதைக் கழித்தார் என்பதையெல்லாம் கற்பனை செய்தபடி நின்றேன்.

பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பாட்டி மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றப் போராடிக்கொண்டிருந்தார். நான் குனிந்து இரு கைகளாலும் காற்றை மறைத்தேன். சுடர் நிலைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பேரு என்னய்யா? செபத்துல சேத்துக்கிடுதேன்.”

பெயரைச் சொன்னேன். பாட்டி தலையசைத்துவிட்டுக் கையிலிருந்த செபமாலையின் அடுத்த பத்து மணியைத் தொடங்கினார். நானும் உடன் சொன்னேன்.